ஏழு கையெழுத்தும் ஒரு கிடாரமும்

சின்ன வயதில் நாங்கள் அடிபட்டுக்கொண்டு போய் நின்றால் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். "ஆர் தொடங்கினது?" ஒருவரும் வாய் திறக்க மாட்டோம். எல்லா விரலும் பக்கத்தில் நிற்பவரைத்தான் காட்டும். அதே பெரியவர்கள் ஒரு சங்கத்தை உண்டாக்கிவிட்டு, இதைத் தொடங்கியது யார் என்று தங்களுக்குள் கேட்டபோது எல்லா விரலும் அவரவர் நெஞ்சைக் காட்டியது. அப்போது எனக்குப் பதினொரு வயது. சிரிப்பு வந்தது. சிரித்தால் அடி விழும் என்பதால் சிரிக்கவில்லை.

இப்போது எனக்கும் உங்களைப் போல ஐம்பது தாண்டிவிட்டது. வாசிக்க ஒரு கண்ணாடி, தூரம் பார்க்க ஒரு கண்ணாடி, இரண்டையும் தேட மூன்றாவது ஒன்று தேவைப்படும் வயது. போன மாதம் சங்கத்துப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். "அன்ரி, சங்கத்துக்கு நாற்பது வருசம். மலர் போடுறம். தொடங்கினவையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. நீங்கள்தான் ரெண்டு பாசையும் வடிவா எழுதுவியள்" என்றார்கள். ஓம் என்று சொல்லிவிட்டேன். ஒரு பக்கம்தானே என்று நினைத்தேன். மூன்று கிழமை அந்த வெள்ளைத்தாள் மேசையில் கிடந்தது.

நீங்கள் எல்லோரும் எங்கள் ஹைமில், அந்த அகதிகள் விடுதியில், இருக்கவில்லை. ஆனால் அதைப்போல ஒன்றில் இருந்திருப்பீர்கள். ஜெர்மனியில் ஹம் நகரத்தின் விளிம்பில், முன்பு பட்டாளம் இருந்த நீளக் கட்டடம். ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. நடுவில் ஒரு விறாந்தை, கடைசியில் எல்லோருக்கும் பொதுவான குசினி. விறாந்தையில் எப்போதும் ஈரச் சட்டையின் மணமும் கருவாட்டு மணமும் தரை துடைக்கும் மருந்தின் மணமும் ஒன்றாகக் கலந்து நிற்கும். இன்றைக்கும் எந்த ஆஸ்பத்திரியிலாவது அந்த மருந்து மணத்தால் எனக்குப் பசிக்கிறது. மருத்துவரிடம் இதைச் சொல்ல முடியுமா?

விறாந்தையின் கடைசி அறையில் ஒரு அண்ணை இருந்தார். தனி ஆள். இருபத்துநாலு, இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு இத்தாலியன் உணவகத்தில் கோப்பை கழுவினார். அவருடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, திருப்பி அனுப்புவதை ஒத்திவைத்திருக்கிறோம் என்ற கடதாசியில், மூன்று மாதம் மூன்று மாதமாக நாட்டில் இருந்தார். அந்தக் கடதாசிக்கு டுல்டுங் என்று பெயர். பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தமிழா ஜெர்மனா என்று தெரியாது. எங்கள் வீடுகளில் சோறு, தண்ணி, டுல்டுங் எல்லாம் ஒரே மாதிரிப் புழங்கிய சொற்கள்.

ஒரு வசந்தகாலம். வீட்டுக்காரர்கள் வேண்டாத பெரிய சாமான்களைத் தெருவில் வைக்கும் நாள் உங்களுக்குத் தெரியும், ஸ்பெர்முல். எங்கள் கட்டில், கதிரை, தொலைக்காட்சி எல்லாம் அப்படி வந்தவைதான். அன்றைக்கு மற்றவர்கள் சோபா தேடிப் போக, அந்த அண்ணை ஒரு கிடாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அலுமினியக் கிடாரம். ஏதோ தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்திருக்க வேண்டும். என் தங்கச்சியை உள்ளே இருத்தினால் தலைமயிர் மட்டும்தான் தெரியும். இருத்திப் பார்த்தோம், அதனால் சொல்கிறேன். ஒரு பக்கத்துக் கைபிடி இல்லை.

"தனிக்கட்டைக்கு இவ்வளவு பெரிய பானை என்னத்துக்கடா?" என்று அப்பா கேட்டார்.

"கூழ் காய்ச்ச அண்ணை."

"உனக்கு ஒருத்தனுக்கோ?"

"கூழ் ஆரும் ஒருத்தருக்குக் காய்ச்சுவினமோ அண்ணை?"

அவ்வளவுதான். அடுத்த நாள் அறை அறையாகக் கதவைத் தட்டிக்கொண்டு வந்தார். எல்லா வாசலிலும் ஒரே வசனம்: "ஞாயிற்றுக்கிழமை கூழ். கோப்பையோட வாங்கோ." சின்னப் பிள்ளைகளுக்கும் "வாங்கோ" தான். என்னை அதுவரை ஒருவரும் "வாங்கோ" என்று கூப்பிட்டதில்லை. அன்றிலிருந்து அவர் எங்களுக்குக் கூழ் அண்ணை.

ஊரிலிருந்து பார்சலில் வந்த ஒடியல் மா, காய்ந்த பனங்கிழங்கை இடித்த மா. பலாக்கொட்டைக்கு உருளைக்கிழங்கு, பயற்றங்காய்க்குப் போஞ்சி, மீனுக்கு உறைந்த கட்டி மீன். நண்டு கிடைத்தால் அன்று திருவிழா. ஊரில் கூழை ஊற்றிக் குடிக்கும் பலா இலைக்கு எங்கே போவது? கழுவிய யோகட் கோப்பைகள்தான். பழைய ஸ்ட்ரோபெரி மணத்தோடு கூழின் புளியும் உறைப்பும் சேரும். முதல் ஞாயிறு ஒன்பது பேர். கட்டடக் காவலாளி, ஒரு ஜெர்மன்காரர், மணத்தைப் பற்றி முறையிட வந்தார். அண்ணை ஒரு கோப்பையை அவர் கையில் கொடுத்தார். மனிதர் குடித்து, இருமி, கண்ணீர் வடித்து, முகம் தக்காளியாகிப் போனார். அடுத்த ஞாயிறு தன் வீட்டுக் கோப்பையோடு வந்தார்.

கோடை முழுவதும் வெளியே புல்லில் வட்டமாக இருந்து குடித்தோம். பக்கத்து ஊர்களிலிருந்து ரயிலேறி வந்தார்கள். யாழ்ப்பாணத்தார், மன்னார் வேதக்காரர், எல்லோரும். வேலை எங்கே இருக்கிறது, எந்த வக்கீல் நல்லவர், யாருடைய தங்கைக்கு மாப்பிள்ளை வேண்டும் என்று எல்லாக் கதையும் அந்தக் கிடாரத்தைச் சுற்றித்தான். தெருவில் தலையைக் குனிந்து நடந்த ஆட்கள் அங்கே சத்தமாகச் சிரித்தார்கள். என் அப்பா சிரிக்கிற சத்தம் எப்படியென்று அந்தக் கோடையில்தான் எனக்குத் தெரிந்தது.

குளிர் தொடங்கியபோது வந்தது பிரச்சினை. அத்தனை பேரும் குசினிக்குள் அடங்கவில்லை. நகரசபையில் ஒரு மண்டபம் தருவதாகச் சொன்னார்கள், ஆனால் பதிவு செய்த சங்கத்துக்குத்தான் தருவார்களாம். சங்கம் பதிய ஏழு பேரின் கையெழுத்து வேண்டும். பெரியவர்கள் ஏழு பேரைத் தேர்ந்தார்கள். முதல் பெயர் கூழ் அண்ணையுடையதுதான். அதை அப்பாவே சொன்னார்.

அன்று அண்ணை குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். "பிள்ளை, உமக்கொண்டு தெரியுமோ?" என்றார். "இந்த நாட்டிலை என்ரை பேர் எழுதின கடதாசி ஒரு கட்டு வைச்சிருக்கிறன். எல்லாத்திலையும் பேருக்குக் கீழை 'இல்லை' எண்டுதான் எழுதிக் கிடக்கு. இது ஒண்டிலைதான் 'இல்லை' எண்டு இராது." கத்தியைக் கழுவிவிட்டு, கையெழுத்து எப்படிப் போடப்போகிறார் என்று மேசையில் ஈரவிரலால் போட்டும் காட்டினார்.

இரண்டு நாள் கழித்து ஒருவர் கிளப்பிவிட்டார். யார் என்று கேட்காதீர்கள், நல்ல காரியத்தைத் தொடங்கியவருக்கு ஆயிரம் பெயர், இதற்கு ஒரு பெயரும் கிடையாது. நிராகரிக்கப்பட்ட ஆள் கையெழுத்து வைத்தால் சங்கத்தைப் பதிய மாட்டார்கள், மற்ற ஆறு பேரின் வழக்கும் பழுதாகும் என்று கதை. கடதாசிக்குப் பயந்த சனம் நாங்கள். பாம்புக்குக்கூட அப்படிப் பயந்ததில்லை. "ஒருக்காக் கேட்டுப் பாப்பம்" என்றார் அப்பா. அவருக்குக் காலை வேலை. அம்மாவுக்கு ஜெர்மன் தெரியாது. ஆகவே கேட்கப் போனது நான். நீங்களும் போயிருப்பீர்கள், அந்த வயதில் நாங்கள்தானே எல்லோருக்கும் மொழிபெயர்ப்பாளர்.

சங்கம் பதியும் அலுவலகத்தில், அம்மா தங்கச்சியோடு விறாந்தை வாங்கிலில் இருந்தா. நான் படிவத்தை வாங்கிக்கொண்டு, கேள்வியை மனதுக்குள் மூன்று தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு, கண்ணாடிச் சன்னலுக்கு முன்னால் நின்றேன். அப்போது எனக்குப் பின்னால் வரிசையில் ஒரு பெண்ணின் குரல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவளின் தாய். அவளுடைய பிறந்தநாளுக்கு என்னை அழைத்திருந்தார்கள். அந்த வீட்டில் நான் என்ன சொல்லி வைத்திருந்தேன் தெரியுமா? என் அப்பா ஒரு பெரிய கம்பனி வேலையாக இந்த நாட்டுக்கு வந்தவர் என்று. ஹைம், அகதி என்ற சொற்களே என் வாயிலிருந்து வந்ததில்லை.

சன்னலுக்குள் இருந்தவர் நல்லவர். "இன்னும் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று கேட்டார். நிராகரிக்கப்பட்ட அகதி ஒருவர் கையெழுத்து வைக்கலாமா என்று நான் கேட்க வேண்டும். அந்தத் தாய் சிரித்தபடி பின்னால் நிற்கிறா. "இல்லை, நன்றி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

"என்ன சொன்னவை?" என்று அம்மா கேட்டா.

"ஏலாதாம்" என்றேன்.

இவ்வளவுதான் நான் செய்தது. ஒரே ஒரு சொல். பிறந்தநாள் கேக்கில் செரிப்பழம் இருந்தது என்பதும் ஞாபகம் இருக்கிறது. எனக்கே என்மீது வெறுப்பு வருகிற ஞாபகம் அது.

சனிக்கிழமை கூட்டத்தில் அப்பா அதைச் சொன்னார். எல்லோரும் அண்ணையைப் பார்த்தார்கள். "சரி அண்ணை, பிரச்சினை இல்லை" என்று அவர் எழும்பி அடுப்படிக்குப் போனார். அவருடைய இடத்துக்கு வேறு ஒருவரைப் பிடித்தார்கள். அவர் வந்து இரண்டு கிழமைதான். கூழ் அவருக்கு ஒத்துவராது, வயிற்றைக் கலக்கும். அவர் கையெழுத்து வடிவாக இருந்தது.

பிறகு முதலாவது ஆண்டுவிழா அழைப்பிதழ். என் எழுத்து உருண்டையாக இருக்கும் என்று என்னைத்தான் எழுத வைத்தார்கள். தலைவர், செயலாளர் என்பதெல்லாம் போதவில்லை. தொடங்கியவர் என்று தெரிய வேண்டும், ஆனால் ஒருவருக்குப் போட்ட சொல்லை மற்றவருக்குப் போடக்கூடாது. அப்பா ஸ்தாபகத் தலைவர். அடுத்தவர் ஆரம்பகர்த்தா. அதற்கடுத்தவர் நிறுவுநர். பிறகு முன்னோடி, வித்திட்டவர், கால்கோள் இட்டவர். ஏழாமவருக்கு, அந்தக் கூழ் ஒத்துவராதவருக்கு, சொல் முடிந்துபோயிற்று. அப்பா இரண்டு நாள் யோசித்தார். வேலையிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே "மூலகர்த்தா!" என்று கத்தினார். அப்படி ஒரு சந்தோசம்.

அம்மா போஞ்சி வெட்டிக்கொண்டிருந்தா. "பந்திக்கு முந்தினவைக்கெல்லாம் பட்டம். அடுப்புக்கு முன்னாலை நிண்டதுக்கு?" என்று கேட்டா.

"அவனுக்கென்ன, கீழை 'சமையல் உதவி' எண்டு போடுவம்."

கடைசியில் அச்சில் வந்தது "சமையல் உதவி: அன்பர்கள்" என்று. அந்த அன்பர்கள் ஒரே ஆள். அன்றைக்கும் அவர் சமைத்துக் கொடுத்தார். ஏழு பேரும் ஒவ்வொரு திரியாக விளக்கேற்றினார்கள், ஐந்து திரி விளக்குக்கு இன்னும் இரண்டு திரி போட்டு. குசினிக் கதவின் சின்னக் கண்ணாடி வழியாக அண்ணையின் முகத்தைக் கண்டேன். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் கூட்டங்களுக்கு வரவில்லை. அடுத்த வருடம் அவருக்கு வீசா கிடைத்து வுப்பர்டாலுக்குப் போய்விட்டார். கிடாரத்தைச் சங்கத்துக்கு விட்டுவிட்டுப் போனார். "பொறாமை பிடிச்சவன், தலைக்கனம்" என்றார்கள். அப்பாவும் சொன்னார். கிடாரத்தில் கொஞ்ச வருடம் பொங்கல் பொங்கினோம். பிறகு சாப்பாடு கடையிலிருந்து தட்டுத் தட்டாக வந்தது. கிடாரம் நிலவறைக்குப் போயிற்று. அதற்குள் கயிறும் பழைய சோடனைக் கடதாசியும் போட்டு வைத்தார்கள். ஒருநாள் மண்டபம் மாறியபோது அதைத் தெருவில் கண்டேன், ஸ்பெர்முல் நாளில். வந்த இடத்துக்கே போயிற்று. காரை நிறுத்தியிருக்கலாம். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதெல்லாம் தெரிந்துகொண்டு அந்த ஒரு பக்கத்தை எப்படி எழுதுவது? ஒரு சனிக்கிழமை காலை ரயிலேறினேன். கூழ் அண்ணையின் மேல்மாடி வீட்டுச் சன்னலுக்குக் கீழே வுப்பர்டாலின் தொங்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. தலை முழுக்க நரை. ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை, இன்னும் கொஞ்ச நாளில் ஓய்வு. மனைவி பூசைக்குப் போயிருந்தா. "வாங்கோ, வாங்கோ" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதுமே எனக்கு அழுகை வந்துவிட்டது. தேத்தண்ணி ஆறும்வரை அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கேட்டு முடித்துவிட்டு, "எனக்குத் தெரியும் பிள்ளை" என்றார்.

"என்ன தெரியும்?"

"அவை கையெழுத்து வைச்சாப் பிறகு, திங்கட்கிழமை நானும் அங்கை போனனான். என்ரை உடைஞ்ச ஜெர்மனிலை கேட்டன். ஆரும் வைக்கலாம் எண்டு அந்த மனுசன் சொன்னார். 'ஒரு சின்னப் பிள்ளை வந்து படிவம் கொண்டு போனது, அது ஒண்டும் கேக்கேல்லையே' எண்டும் சொன்னார்."

"அப்ப ஏன் நீங்கள் வந்து சொல்லேல்லை? அண்டைக்கு இன்னும் பதியக் குடுக்கேல்லையே!"

"சொல்லத்தான் ஓடி வந்தனான். வரேக்கை கொப்பர் எல்லாருக்கும் நடுவிலை உம்மடை தோளிலை கையைப் போட்டுக்கொண்டு, 'என்ரை மகள்தான் எங்கட வக்கீல்' எண்டு சொல்லிக்கொண்டு நிண்டார். பகல் முழுக்க ஆற்றையோ கக்கூசு கழுவிப்போட்டு வந்த மனுசன். அந்த முகத்தைப் பாத்தாப் பிறகு எனக்கு வாய் வரேல்லை." கோப்பையைத் தள்ளி வைத்தார். "பிறகு கூட்டங்களுக்கு வந்தா எப்பவாவது வாய் தவறிச் சொல்லிப்போடுவன் எண்டு பயம். அதுதான் வரேல்லை."

நாற்பது வருடம் அவரைப் பொறாமைக்காரன் என்று சொன்ன வாய்களுக்கு அவர் கூழ் ஊற்றிக் கொடுத்திருக்கிறார், ஒன்றும் திருப்பிக் கேட்டதில்லை. எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மலரில் உங்களுக்கு என்ன சொல் போட என்று கேட்டேன். "ஒண்டும் வேண்டாம். சொல்லெல்லாம் அண்டைக்கே முடிஞ்சு போச்செல்லே?" என்று சிரித்தார். வாசல்வரை வந்து, "கிடாரம் இருக்கோ?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அம்மா போய் ஆறு வருடம். அப்பா என்னோடுதான் இருக்கிறார். எழுவரில் மிஞ்சியிருக்கும் இருவரில் ஒருவர். வீட்டுக்கு வந்து, அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னேன். நான் அன்று ஒன்றும் கேட்கவில்லை அப்பா, பொய் சொன்னேன் என்று. கத்துவார் என்று நினைத்தேன். எண்பதை நெருங்கினாலும் கத்துவதற்குத் தெம்பு இருக்கிறது.

கத்தவில்லை.

"நீ பதினொரு வயசுப் பிள்ளை" என்றார். "நான் அடுத்த நாள் போய்த் திரும்பக் கேட்டிருக்கலாம். ஆரையும் ஒரு ஜெர்மன்காரனைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். நான் போகேல்லை."

"உங்களுக்கு வேலை அப்பா."

"வேலை இல்லை. அவன் பேர் அதிலை இருந்தா சனம் அவனைத்தான் தலைவர் ஆக்கியிருக்கும். நீ 'ஏலாதாம்' எண்டு சொன்னது எனக்கு வசதியாப் போச்சு."

இத்தனை வருடம் நான் மட்டும் சுமந்துகொண்டு திரிந்ததாக நினைத்த சுமையின் மற்றப் பக்கத்துக் கைபிடியை அவரும் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"அவன்ரை நம்பர் இருக்கோ? அடிச்சுத் தா" என்றார்.

அடித்துக் கொடுத்தேன். அப்பா இரண்டு கையாலும் தொலைபேசியைப் பிடித்துக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் எடுத்தது தெரிந்தது, ஏனென்றால் அப்பா நிமிர்ந்து இருந்தார். தன் வாழ்நாளில் அவரை அவன், இவன் என்று மட்டும் சொன்ன மனிதர் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, நான் கதைக்கிறன். ஞாயிற்றுக்கிழமை கூழ். கோப்பையோட வாங்கோ."

மறுமுனையில் என்ன பதில் வந்தது என்று எனக்குக் கேட்கவில்லை. அப்பா தொலைபேசியை என்னிடம் நீட்டிவிட்டு, பொல்லை ஊன்றிக்கொண்டு எழும்பிக் குசினிக்குப் போனார். கீழ் அலுமாரியைத் திறந்து, எங்கள் வீட்டில் இருப்பதிலேயே பெரிய பானை எது என்று தேடத் தொடங்கினார்.